மூடுல் தளத்தில் லாகின் தாமதமும் கேஷ் சிக்கல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியிலோ பயிற்சி நிறுவனத்திலோ மூடுல் (இணையவழிக் கற்பித்தல் மென்பொருள்) சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கானவை இவை. உபுண்டு அல்லது டெபியன் (லினக்ஸ் இயங்குதளங்கள்), என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி நிரலை ஓட்டுவது), மரியாடிபி (டேட்டாபேஸ்), ரெடிஸ் (நினைவகத்தில் தரவை வைப்பது) ஆகியவை உள்ள சர்வரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். வேறு பிஎச்பி செயலிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கேஷ் என்பது ஒருமுறை செய்த வேலையின் விடையை மறுபடி பயன்படுத்த எடுத்துவைக்கும் இடம். லாகின் என்ற வேலையைக் கேஷில் வைக்க முடியாது. கடவுச்சொல்லை ஒவ்வொரு முறையும் சரிபார்த்தாக வேண்டும், புது செஷனை (உள்ளே வந்தவர் யார் என்ற பதிவை) எழுதியாக வேண்டும். அதைச் சுற்றியுள்ள வேலைகளை மட்டுமே கேஷ் குறைக்கும். ஆகவே எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து பார்க்காமல் கேஷ் அமைப்புகளில் கை வைக்காதீர்கள்.

"லாகின் ஆகவே அரை நிமிடம் ஆகிறது" என்று புகார் வருகிறது. எங்கே தொடங்குவது?

பயனருக்கு லாகின் என்றால் பொத்தானை அழுத்தியது முதல் டேஷ்போர்டு முழுதாகத் தெரியும்வரை. சர்வருக்கு அது குறைந்தது இரண்டு தனித்தனிக் கோரிக்கைகள்: கடவுச்சொல்லை அனுப்பும் போஸ்ட் கோரிக்கை ஒன்று, அதற்கு 303 என்ற திருப்பிவிடும் பதில் வந்தபின் டேஷ்போர்டைக் கேட்கும் கெட் கோரிக்கை இன்னொன்று. பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் தாவலில் "பிரிசர்வ் லாக்" என்பதை டிக் செய்துவிட்டு லாகின் செய்து பாருங்கள். அது இல்லாவிட்டால் பக்கம் மாறியதும் போஸ்ட் வரி அழிந்துவிடும்.

போஸ்ட் 0.3 விநாடியில் முடிந்து டேஷ்போர்டு 12 விநாடி இழுத்தால், உங்கள் சிக்கல் லாகினே அல்ல. டேஷ்போர்டில் உள்ள டைம்லைன், காலண்டர், பாடப்பட்டியல் பிளாக்குகளைத்தான் பார்க்க வேண்டும். போஸ்ட்டே இழுத்தால் அடுத்த கேள்விகளுக்குப் போங்கள்.

சர்வர் பக்கம், என்ஜின்எக்ஸ் பதிவில் இரண்டு நேரங்களைச் சேர்த்து எழுத வையுங்கள்: ரிக்வெஸ்ட் டைம், அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம். முதலாவது பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால் பிஎச்பி தன் வேலையை முடித்துவிட்டது; பயனரின் இணைப்புதான் மெதுவாக இருக்கிறது. இரண்டும் பெரிதாக இருந்தால் தாமதம் பிஎச்பியிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது.

அங்கே நேரத்தைத் தின்பது எது என்று தெரிந்துகொள்ள, எஃப்பிஎம்மின் அமைப்புக் கோப்பான பூல் கோப்பில் ஸ்லோலாக் (மெதுவான கோரிக்கைகளின் பதிவு) கோப்பின் பாதையைக் கொடுத்து, ரிக்வெஸ்ட் ஸ்லோலாக் டைம்அவுட்டை 3 விநாடி என்று வையுங்கள். 3 விநாடியைத் தாண்டும் ஒவ்வொரு கோரிக்கையும் அந்த நேரத்தில் எந்தக் கோப்பில், எந்த வரியில் நின்றது என்று எழுதிவிடும். செஷன் தொடக்கத்தில் நிற்கிறதா, எல்டாப் (பயனர் பட்டியலை வைத்திருக்கும் வெளி டைரக்டரி) இணைப்பில் நிற்கிறதா, டேட்டாபேஸ் வினவலில் நிற்கிறதா என்பதைப் பத்து வரிகள் படித்தாலே தெரிந்துவிடும். இந்த ஒரு பதிவு இல்லாமல் யூகித்துத் திருத்துவது வீண் உழைப்பு.

தாமதம் எப்போதும் சரியாக 5 விநாடி, அல்லது 10. சுமை இல்லாத நள்ளிரவிலும் அப்படித்தான். ஏன்?

நேரம் இப்படி முழு எண்ணாக, மாறாமல் வந்தால் சர்வர் உழைக்கவில்லை, எதற்கோ காத்திருக்கிறது என்று பொருள். லினக்ஸில் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) கேள்விக்குப் பதில் வராவிட்டால் 5 விநாடி காத்திருந்து அடுத்த சர்வரைக் கேட்கும்; இப்படி இரண்டு சுற்று முயலும். ரிசால்வ் கான்ஃப் கோப்பில் முதலில் உள்ள டிஎன்எஸ் சர்வர் செத்துப்போயிருந்தால் ஒவ்வொரு வெளியிணைப்புக்கும் இந்த 5 விநாடி தண்டம். செத்த முகவரியை நீக்குங்கள். காத்திருப்பு நேரத்தை 1 விநாடியாகக் குறைப்பதும் உதவும்.

மரியாடிபி வேறு கணினியில் இருந்தால், இணையும் ஐபிக்கு என்ன பெயர் என்று அதுவும் டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். ஸ்கிப் நேம் ரிசால்வ் அமைப்பை இயக்கினால் அது நிற்கும். அதற்கு முன் டேட்டாபேஸ் பயனர் உரிமைகள் பெயரில் அல்லாமல் ஐபி முகவரியில் கொடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுதொடக்கம் செய்ததும் தளமே இணையாது.

தாமதம் 2 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே, 127 விநாடி போல வந்தால் அது டிசிபி இணைப்பு முயற்சியின் காத்திருப்பு. ஃபயர்வால் பாக்கெட்டை மறுக்காமல் சத்தமின்றி விழுங்கிவிடும்போது லினக்ஸ் 6 முறை மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். மறுத்திருந்தால் மில்லிவிநாடிகளில் பிழை வந்திருக்கும்.

எல்டாப் அல்லது ஆக்டிவ் டைரக்டரி வழியாக லாகின். சிலருக்கு மட்டும் மெதுவாக இருக்கிறது.

மூடுலின் எல்டாப் அமைப்பில் பல சர்வர்களை அரைப்புள்ளியிட்டு வரிசையாகக் கொடுக்கலாம். முதல் சர்வர் நின்றுபோனாலும் ஒவ்வொரு லாகினும் அதைத்தான் முதலில் தட்டும். "இரண்டு சர்வர் கொடுத்திருக்கிறோம், ஒன்று போனாலும் பரவாயில்லை" என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது: லாகின் நடக்கும், ஆனால் காத்திருந்த பின்.

அடுத்து, தேடும் எல்லை. சூழல் (கான்டெக்ஸ்ட்) என்ற இடத்தில் டைரக்டரியின் வேரையே கொடுத்து, உட்பிரிவுகளிலும் தேடச் சொன்னால், மாணவரின் பெயரைக் கண்டுபிடிக்க முழு மரத்தையும் அலச வேண்டும். மாணவர், ஆசிரியர் பிரிவுகளை மட்டும் தனித்தனியாகக் கொடுங்கள். பயனரைத் தேடும் புலத்துக்கு டைரக்டரியில் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இருக்கட்டும். ஆக்டிவ் டைரக்டரியில் பல டொமைன்கள் இருந்தால் 389 போர்ட்டில் கேட்கும்போது "அங்கே போய்க் கேள்" என்ற திசைதிருப்பல்கள் வரும். எல்லா டொமைன்களின் சுருக்கப் பட்டியலான குளோபல் கேட்டலாக் இயங்கும் 3268 போர்ட்டில் கேட்டால் அந்த அலைச்சல் இல்லை. மறையாக்கத்துடன் என்றால் 3269. ஆனால் குளோபல் கேட்டலாக்கில் எல்லாப் புலங்களும் இருக்காது. நீங்கள் இழுக்கும் விவரங்கள் அதில் உள்ளனவா என்று முதலில் சோதியுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: எல்டாப் அல்லது வெளி டேட்டாபேஸ் வழியாகப் பாடச் சேர்க்கை செய்திருந்தால், ஒவ்வொரு லாகினிலும் அந்தப் பயனரின் சேர்க்கைகளை மூடுல் ஒத்துப் பார்க்கும். 3 பாடம் உள்ள மாணவருக்கு இது தெரியாது. 60 பாடங்களில் இருக்கும் துறைத்தலைவருக்கு நன்றாகத் தெரியும். "சிலருக்கு மட்டும்" என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இங்கே கிடைக்கும். வெளி டேட்டாபேஸில் பயனர் அடையாளப் புலத்துக்கு இண்டெக்ஸ் போடுவது உடனடி மருந்து.

காலை 9 மணிக்குத் தேர்வு தொடங்கும்போது மட்டும் திணறுகிறது. மற்ற நேரம் வேகம் சரியாகவே உள்ளது.

இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேரும் நேரம் அது.

முதலாவது, கடவுச்சொல் ஹாஷ், அதாவது கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாத குறியீடாக மாற்றும் கணக்கு. இது வேண்டுமென்றே மெதுவாக வடிவமைக்கப்பட்டது. ஒரு சரிபார்ப்புக்கு ஒரு கோரின் 0.1 விநாடி செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கோர் சர்வர் விநாடிக்கு 40 லாகினுக்கு மேல் தாங்காது. 200 மாணவர்கள் ஒரே நொடியில் அழுத்தினால் கடைசி மாணவர் 5 விநாடி காத்திருப்பார், மற்ற எல்லாம் இலவசமாக நடந்தாலும். எந்தக் கேஷும் இதை மாற்றாது. தேர்வுக்குக் கால் மணி நேரம் முன்பே லாகின் செய்யச் சொல்லுங்கள். அல்லது அன்றைக்கு மட்டும் கோர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

இரண்டாவது, எஃப்பிஎம் பிராசஸ் எண்ணிக்கை. டெபியன், உபுண்டுவில் பொதி நிறுவும்போது வரும் பூல் கோப்பில் மேக்ஸ் சில்ட்ரன் 5 என்றே இருக்கும். அதாவது ஒரே நேரத்தில் 5 பேர், மற்றவர்கள் வரிசையில். இந்த எண்ணைக் கணக்குப் போட்டே வைக்க வேண்டும். 8 ஜிபி நினைவகத்தில் டேட்டாபேஸுக்கு 3, ரெடிஸுக்கு அரை, இயங்குதளத்துக்கு 1 போனால் மீதி 3.5 ஜிபி. உங்கள் பிராசஸ் ஒன்று சராசரியாக 80 எம்பி பிடித்தால் 44 வருகிறது. 40 என்று வையுங்கள். "இருக்கட்டும்" என்று 200 வைத்தால் நெருக்கடியில் ஸ்வாப் (வட்டை நினைவகமாகப் பயன்படுத்துவது) தொடங்கி, மெதுவாக இருந்த தளம் முழுதாக நின்றுவிடும். எஃப்பிஎம் ஸ்டேட்டஸ் பக்கத்தில் "மேக்ஸ் சில்ட்ரன் ரீச்டு", "லிசன் கியூ" இரண்டும் பூஜ்யத்துக்கு மேல் போகின்றனவா என்று கவனியுங்கள். போகவில்லை என்றால் இந்த எண்ணைத் தொட வேண்டியதில்லை.

அப்படியானால் ஹாஷின் கடினத்தைக் குறைத்துவிடலாமே?

கூடாது. டேட்டாபேஸ் திருடுபோகும் நாளில் மாணவர்களின் கடவுச்சொற்களைக் காப்பது அந்தத் தாமதம் ஒன்றுதான்.

ஆனால் கடினம் தானாக எப்போது கூடுகிறது என்று தெரிந்திருப்பது நல்லது. பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறையில் காஸ்ட் (கடின அளவு) ஒரு படி ஏறினால் நேரம் இரட்டிப்பாகும். பிஎச்பி 8.4 அதன் இயல்பு அளவை 10-இலிருந்து 12 ஆக்கியது. அதாவது 4 மடங்கு வேலை. சொந்தமாக எழுதிய செயலிகளில் பிஎச்பியைப் புதுப்பித்த மறுநாள் லாகின் கனமானதாகத் தோன்றினால் இதுவே காரணமாக இருக்கலாம். மூடுல் 4.3-இலிருந்து எஸ்எச்ஏ-512 முறையை 10,000 சுற்றுகளுடன் பயன்படுத்துகிறது.

ஒரே ஒரு பயனருக்குத் தளம் உறைந்துவிடுகிறது. அதே நேரம் பக்கத்தில் இருப்பவருக்கு வேகமாக வருகிறது.

அவரை இன்காக்னிடோ சாளரத்தில் லாகின் செய்யச் சொல்லுங்கள். அங்கே உடனே வந்தால், இது செஷன் பூட்டு.

ஒரு செஷனை ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான் கையில் வைத்திருக்க முடியும். ஒரு தாவலில் பெரிய மதிப்பெண் பட்டியலை ஏற்றுமதி செய்யக் கொடுத்துவிட்டு, இன்னொரு தாவலில் பாடத்தைத் திறந்தால், முதல் வேலை பூட்டை விடும்வரை இரண்டாவது வாசலிலேயே நிற்கும். மூடுல் ரெடிஸ் செஷனில் இப்படி அதிகபட்சம் 120 விநாடி காத்திருந்துவிட்டுப் பிழை காட்டும். டெவலப்மென்ட் பகுதியில் டீபக்கிங் பக்கத்தில் "பெர்ஃபார்மன்ஸ் இன்ஃபோ" இயக்கினால் பக்கத்தின் அடியில் செஷன் காத்திருப்பு நேரம் தனியாகத் தெரியும்.

இதைவிடத் தொல்லையான வடிவம் ஒன்று உண்டு. நினைவகம் போதாமல் இயங்குதளம் பிஎச்பி பிராசஸைப் பாதியில் கொன்றுவிட்டால், ரெடிஸில் பூட்டு அப்படியே தொங்கும், காலாவதியாகும்வரை. பூட்டின் காலாவதி 7200 விநாடி என்று வைத்திருந்தால் 2 மணி நேரம் அவருக்குத் தளம் இல்லை. குக்கியை அழித்துப் புது செஷனில் வரச் சொல்வது உடனடித் தீர்வு. பூட்டின் காலாவதியை நீளமான வேலை எடுக்கும் நேரத்துக்குச் சற்று மேலாக, 10 நிமிடம் போல வைப்பது நிரந்தரத் தீர்வு. காரணமாக இருக்கும் ஏற்றுமதி, பாடக் காப்பு போன்றவற்றைப் பின்னணிப் பணியாக ஓட வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

செஷனைக் கோப்பில் வைப்பதா, டேட்டாபேஸிலா, ரெடிஸிலா?

ஒரே சர்வர், சில நூறு பயனர்கள் என்றால் உள்வட்டில் கோப்பாக வைப்பதே போதும். அந்த அடைவு என்எஃப்எஸ்ஸில் (வலையமைப்பு வழியாகப் பகிரும் வட்டில்) இருக்கக் கூடாது என்பது மட்டும் கட்டாயம். இரண்டு சர்வர்கள் வந்துவிட்டால் ரெடிஸ். டேட்டாபேஸ் செஷன் நடுத்தரமானது. ஒவ்வொரு கிளிக்குக்கும் டேட்டாபேஸில் ஒரு எழுத்து கூடும் என்பதை மறக்க வேண்டாம். நினைவகக் கேஷ் மென்பொருளான மெம்கேஷ்டில் செஷன் வேண்டாம். இடம் நிறைந்தால் பழையதை வெளியே தள்ளுவது அதன் இயல்பு. இயல்பு அளவும் 64 எம்பிதான்.

கோப்பு முறையில் ஒரு பழைய பொறி: டெபியன், உபுண்டுவில் பிஎச்பி தானே பழைய செஷன்களைக் கூட்டிப் பெருக்காது, தனி டைமர் ஒன்று அரை மணிக்கொருமுறை பெருக்கும். சொந்தமாக எழுதிய செயலி தனக்கென வேறு அடைவை வைத்துக்கொண்டால் டைமருக்கு அது தெரியாது. கோப்புகள் லட்சக்கணக்கில் குவியும்.

ரெடிஸுக்கு மாறியபின் மாணவர்கள் திடீர் திடீரென்று லாக்அவுட் ஆகிறார்கள்.

செஷனும் கேஷும் ஒரே ரெடிஸில் இருக்கின்றனவா? அப்படியென்றால் அதுதான்.

கேஷுக்கு நல்ல அமைப்பு, இடம் நிறைந்தால் பயன்படாததைத் தள்ளிவிடு என்பது. செஷனுக்கு அதே அமைப்பு விஷம். 0, 1 என்று வேறு எண்ணுள்ள டேட்டாபேஸில் வைத்திருக்கிறோமே என்று கேட்பார்கள். போதாது. மேக்ஸ் மெமரியும் வெளியேற்றும் கொள்கையும் முழு ரெடிஸ் பிராசஸுக்கும் பொது. இரண்டு தனித்தனி ரெடிஸ் பிராசஸ்களை வேறு வேறு போர்ட்டில் ஓட்டுங்கள். கேஷுக்கு 512 எம்பி வரம்பு, ஆல்கீஸ் எல்ஆர்யு (நெடுநாள் பயன்படாததைத் தள்ளும்) கொள்கை, வட்டில் சேமிக்க வேண்டாம். செஷனுக்கு 256 எம்பி, நோஎவிக்ஷன் (எதையும் தள்ளாத) கொள்கை, விநாடிக்கொருமுறை வட்டில் எழுதும் பதிவு. இரண்டும் பிரிந்திருந்தால், யாராவது கேஷ் ரெடிஸில் எல்லாவற்றையும் அழிக்கும் ஃப்ளஷ்ஆல் கட்டளை கொடுத்தாலும் தேர்வு எழுதிக்கொண்டிருப்பவர் வெளியே தள்ளப்பட மாட்டார்.

மூடுலின் கேஷை ரெடிஸுக்கு மாற்றினோம். முன்பைவிட மெதுவாகிவிட்டது!

அது நடக்கக்கூடியதே. ஒரு பக்கத்துக்கு 400 முறை கேஷைக் கேட்கிறது என்று கொள்வோம். ரெடிஸ் வேறு கணினியில், ஒரு போய்வருகைக்கு அரை மில்லிவிநாடி என்றால் 0.2 விநாடி கம்பியிலேயே போய்விட்டது. இயல்பாக வரும் கோப்புக் கேஷ், ஒரே சர்வரில், வேகமான எஸ்எஸ்டியில், இதைத் தோற்கடிப்பது வியப்பல்ல. ஒரே கணினி என்றால் ரெடிஸை யூனிக்ஸ் சாக்கெட் வழியாக இணையுங்கள். பல சர்வர்கள் என்றால் லோக்கல் கேஷ் அடைவு ஒவ்வொரு சர்வரின் சொந்த வட்டிலும், பொதுக் கேஷ் ரெடிஸிலும் இருக்கட்டும். பகிரப்பட்ட என்எஃப்எஸ்ஸில் கோப்புக் கேஷ் வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்; சிறு சிறு கோப்புகளுக்கு அது தாங்காது.

"கேஷை அழி" என்று அழுத்தினால் சரியாகிவிடுமா?

மேம்படுத்தலுக்குப் பின்போ, மாற்றிய அமைப்பு தெரியவில்லை என்றாலோ அழிக்கலாம். வேகத்துக்காக அழிப்பது தலைகீழான வைத்தியம். அழித்த அடுத்த நொடி எல்லாப் பயனரின் கோரிக்கைகளும் அதே மொழிச் சொற்றொடர்களை, பாட அமைப்புகளை, தீமின் சிஎஸ்எஸ்ஸை (தோற்றத்தை வரையறுக்கும் கோப்பை) புதிதாகக் கட்டத் தொடங்கும். பகல் 11 மணிக்கு இதைச் செய்தால் சர்வர் பல நிமிடம் எழாது. இரவில் செய்யுங்கள், செய்ததும் கட்டளை வரியிலிருந்து தீம் சிஎஸ்எஸ்ஸை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். தீம் டிசைனர் மோட் இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வடிவமைப்பாளர் இயக்கிவிட்டு மறந்துபோன அந்த ஒரு டிக், ஒவ்வொரு பக்கத்தையும் இழுக்கும்.

ஓபிகேஷுக்கு என்ன அளவுகள்?

ஓபிகேஷ் பிஎச்பி நிரலைத் தொகுத்த வடிவில் நினைவகத்தில் வைப்பது. நினைவகம் 256 எம்பி, கோப்பு எண்ணிக்கை 20,000, இண்டர்ண்டு ஸ்ட்ரிங் 16 எம்பி, கோப்பு மாறியதா என்று பார்க்கும் இடைவெளி 60 விநாடி. இயல்பு எண்ணிக்கை 10,000. பிஎச்பி அதை உள்ளுக்குள் 16,229 என்ற பகா எண்ணுக்கு உயர்த்திக்கொள்ளும். உங்கள் தளத்தில் உள்ள பிஎச்பி கோப்புகளை எண்ணிப் பார்த்து அதைவிடக் கூடுதலாக வையுங்கள்.

கட்டளை வரியில் ஓபிகேஷை அழித்துவிட்டு "புது நிரல் வரவில்லை" என்று தேடுபவர்கள் நிறைய. கட்டளை வரி பிஎச்பியின் நினைவகம் வேறு, எஃப்பிஎம்மின் நினைவகம் வேறு. எஃப்பிஎம்மை ரீலோட் செய்தால்தான் அழியும்.

லாகின் பக்கத்தையே சிடிஎன்னில் (பயனருக்கு அருகில் நகல்களை வைத்துத் தரும் சர்வர் வலையில்) கேஷ் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். லாகின் படிவத்துக்குள் மறைவாக ஒரு டோக்கன் இருக்கிறது, அது அந்த செஷனுக்கு மட்டும் உரியது. கேஷிலிருந்து வந்த பக்கத்தில் வேறொருவரின் டோக்கன் இருக்கும். சரியான கடவுச்சொல் கொடுத்தும் முதல் முறை தோற்கும். "இரண்டாவது முறைதான் லாகின் ஆகிறது" என்ற புகார் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

இன்னும் ஆபத்தானது செட்-குக்கி (பிரவுசருக்கு செஷன் அடையாளத்தைக் கொடுக்கும்) தலைப்புடன் கேஷில் போன பக்கம். அடுத்து வருபவருக்கு முந்தையவரின் செஷன் கிடைக்கும். என்ஜின்எக்ஸ் இயல்பாக அப்படிப்பட்ட பதிலைக் கேஷில் வைக்காது. "கேஷ் ஹிட் குறைவாக இருக்கிறது" என்று அந்தத் தலைப்பைப் புறக்கணிக்கச் சொல்லி யாரோ ஒரு வரி சேர்க்கும்போதுதான் கதவு திறக்கிறது. பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் கேஷ் அமைப்புப் பிழையால் ஏறத்தாழ 34,000 பேரின் சொந்த விவரங்கள் அடங்கிய பக்கங்கள் பிறருக்குத் தெரிந்திருக்கக்கூடும் என்று அதை நடத்தும் வால்வ் அறிவித்தது. 2023 மார்ச் 20 அன்று ரெடிஸ் நூலகம் ஒன்றின் பிழையால் சாட்ஜிபிடி பயனர்களுக்கு மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. மெதுவான தளம் எரிச்சல் தரும். ஒரு மாணவரின் மதிப்பெண் இன்னொருவருக்குத் தெரிந்தால் அதைத் திரும்ப மறைக்க முடியாது.

படங்கள், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றை மட்டும் சிடிஎன்னில் விடுங்கள்.

லாக்அவுட் செய்தபின் பின்செல் பொத்தானை அழுத்தினால் பழைய பக்கம் தெரிகிறது.

அது பிரவுசரின் கேஷ். லாகினுக்குப் பின்னுள்ள பக்கங்களுக்குக் கேஷ்-கண்ட்ரோல் தலைப்பில் "நோ-ஸ்டோர்" கொடுங்கள். "நோ-கேஷ்" போதாது: அது சேமித்துவை, ஆனால் சர்வரைக் கேட்டுவிட்டுக் காட்டு என்றுதான் சொல்கிறது. ஆய்வகக் கணினியைப் பலர் பகிரும் இடத்தில் இது முக்கியம்.

டேட்டாபேஸில் எதைப் பார்ப்பது?

இன்னோடிபி பஃபர் பூல் (டேட்டாபேஸ் தன் தரவை நினைவகத்தில் வைக்கும் இடம்) இயல்பாக 128 எம்பிதான். மேலே சொன்ன 8 ஜிபி சர்வரில் 2 முதல் 2.5 ஜிபி கொடுங்கள். மெதுவான வினவல் பதிவின் வரம்பு இயல்பாக 10 விநாடி. 1 ஆக்குங்கள், இல்லையென்றால் எதுவும் சிக்காது. பழைய குறிப்புகளைப் பார்த்து குவெரி கேஷை இயக்க வேண்டாம், மைஎஸ்கியூஎல் 8.0 அதை நீக்கியேவிட்டது, மரியாடிபியிலும் இயல்பாக அணைந்தே இருக்கிறது. இரவுக் காப்பு காலை வகுப்பு வரை நீள்கிறதா என்பதையும் ஒரு முறை பாருங்கள்.

பயனர்கள் குறைவு, ஆனாலும் சிபியு 100 சதவீதம். லாகின் மட்டும் திணறுகிறது.

என்ஜின்எக்ஸ் பதிவில் லாகின் முகவரிக்கு வந்த போஸ்ட் கோரிக்கைகளை ஐபி வாரியாக எண்ணுங்கள். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) அனுப்பும் ஒவ்வொரு முயற்சியும், தோற்றாலும், ஹாஷ் வேலையை உங்கள் கோரில் ஏற்றக்கூடும். என்ஜின்எக்ஸின் லிமிட் ரெக் அமைப்பைக் கொண்டு லாகின் முகவரிக்கு மட்டும் ஐபிக்கு நிமிடத்துக்கு 10 என்று வரம்பு வையுங்கள். ஆனால் கல்லூரி முழுதும் ஒரே பொது ஐபியில் வெளியே வருகிறதென்றால், அந்த ஐபிக்கு விலக்கு கொடுத்துவிட்டுத்தான் இந்த வரியைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகத்தில் 60 பேர் உட்கார்ந்ததும் பெரும்பாலோருக்கு 503 பிழை வரும். சர்வருக்கு முன்னால் ப்ராக்ஸி இருந்தால் பயனரின் உண்மையான ஐபி என்ஜின்எக்ஸுக்கு வந்து சேர்கிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள். வராவிட்டால் எல்லோரும் ப்ராக்ஸியின் ஒரே முகவரியாகத் தெரிவார்கள், வரம்பு எல்லோர் மீதும் சேர்ந்து விழும்.